நஞ்சப்பனின் நூற்றுக்கு நூறு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வண்டன்மேடு இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். பொள்ளாச்சி, பழனி, தேனி என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்து புறப்பட்டு, கடைசியில் கம்பம்மெட்டு மலையேறி மறுபடியும் கேரளத்துக்குள் விழ வேண்டும். இவ்வளவு தூரத்தையும் எங்கள் சங்கத்து டிரைவர் நஞ்சப்பன் இஞ்சினை அணைத்துவிட்டே கார் ஓட்டிக் கடந்தார். ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. கியர் போடவில்லை. பிரேக்கை ஒரு தடவைகூட மிதிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் கையை மார்போடு கட்டிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இறக்கத்தில் அல்ல, ஏற்றத்தில். அதற்காக நூற்றுக்கு நூறு மதிப்பெண்ணும் வாங்கினார்.

சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். முத்திரை வைத்த சான்றிதழின் நகல் என்னிடம் இருக்கிறது. அதே சங்கத்தின் தபால் பிரிவில் முப்பத்தொரு வருஷம் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவன் நான். எது மெய்யான முத்திரை, எது அவசரத்தில் குத்தியது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன். இது மெய்யானது.

எங்கள் சங்கத்தின் பெயர் கீழைக்கணவாய் விளைபொருள் சங்கம். தலைமை அலுவலகம் கொழிஞ்சாம்பாறையில். ஏலக்காய்க்காரர்களுக்கென்று வண்டன்மேட்டில் ஒரு கிளை. இரண்டுக்கும் நடுவில் இன்னொரு மாநிலம் கிடக்கிறது என்பதை ஆரம்பித்தவர்கள் கவனிக்கவில்லை. கவனித்தபோது பெயர்ப்பலகை எழுதியாகிவிட்டது.

போன வருஷம் தலைவர் பூபதிராஜா சங்கத்துக்குப் புதுக் கார் வாங்கினார். அதன் நெற்றியில் கேமரா, மூக்கில் ரேடார். சாலைக் கோட்டை விட்டு விலகினால் தானே திரும்பிக்கொள்ளும். எதிரே ஏதாவது தெரிந்தால் தானே பிரேக் போடும். டிரைவரின் கண் சொருகினால் கூப்பாடு போடும். பூஜையன்று திருஷ்டிப் பூசணிக்காயை முன்னால் தூக்கிக் காட்டியதும், கிளம்பிய கார் சடக்கென்று நின்றுவிட்டது. வண்டிக்குப் பக்தி இருக்கிறது என்று தலைவர் தழுதழுத்தார். பூசணிக்காயை அப்புறப்படுத்தும்வரை பக்தி நீடித்தது.

இப்படிப்பட்ட காரைச் சும்மா விடலாமா? வாகனப் பாதுகாப்பு நுண்ணறிவுப் பிரிவு என்று ஒன்றைத் திறந்தார்கள். அதற்கு ஒரு அறை, ஒரு குளிர்சாதனம், ஒரு அதிகாரி. அதிகாரியின் பெயர் அமர்நாத். கல்பாத்திக்காரர், பெங்களூரில் கணினி வேலை பார்த்தவர். நல்ல மனிதர், குரலை உயர்த்தமாட்டார். கார் ஓட்டத் தெரியாது, தினமும் பஸ்ஸில்தான் வருவார். திரையில் தெரியாத எதையும் நம்பமாட்டேன் என்று சின்ன வயதில் யாருக்கோ சத்தியம் செய்து கொடுத்திருக்க வேண்டும். மழை பெய்தால்கூட செல்போனைப் பார்த்துவிட்டுத்தான் குடையை விரிப்பார்.

திறப்பு விழாவில் அவர் ஆற்றிய உரையை நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன்.

"இந்தக் கார்லே ஆயிரக்கணக்கிலே பாகம் உண்டு, கேட்டேளா. எல்லாத்தையும் கம்பெனிக்காரா திருத்தியாச்சு. திருத்தாத பாகம் ஒண்ணே ஒண்ணாக்கும் பாக்கி. அது டிரைவர்."

எல்லோரும் கை தட்டினார்கள். நஞ்சப்பனும் தட்டினார். ஏதோ உதிரிபாகத்தைச் சொல்கிறார் என்று நினைத்தாராம்.

பிறகு நாற்பத்தொரு விதிகள் கொண்ட சுற்றறிக்கை வந்தது. காரின் முகப்பில் ஒரு கருப்புப் பெட்டியை ஒட்டினார்கள். அதற்குத் தனி பேட்டரி, டிரைவரின் முகத்தைப் பார்க்கிற தனிக் கண். கார் போடுகிற கூப்பாடுகளை எல்லாம் அது குறித்துக்கொண்டு, பயணம் முடிந்ததும் நூற்றுக்கு எத்தனை என்று சொல்லும். மொத்தம் மூன்று பயணம். மூன்றாவதிலும் எழுபத்தைந்துக்குக் குறைந்தால் டிரைவர் இருக்கையை விட்டு இறங்கிக் கிடங்குக் காவலுக்குப் போக வேண்டும்.

நஞ்சப்பனுக்கு வயது நாற்பத்தெட்டு. இருபத்திரண்டு வருஷமாகச் சங்கத்து வண்டிகளை ஓட்டுகிறார், ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. கிடங்குக் காவல் என்றதும் ஆள் ஒடிந்துபோனார்.

"சோறு திங்கறப்பக்கூட என்ற வலதுகால் எதையாச்சும் மெதிச்சுட்டேதானுங்க இருக்கும்," என்றார் என்னிடம். "அதக் கொண்டுபோயி கெடங்குல எங்கீங்க வெக்கறது?"

முதல் பயணம் சித்தூருக்கு. பின் இருக்கையில் அமர்நாத். எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வழியில் கோயில் தென்பட்டால் ஸ்டீயரிங்கைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றி, ஒரு நொடி கண்ணை மூடித் திறப்பார்கள். சித்தூர் பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் மாரியம்மன், விநாயகர், மறுபடியும் விநாயகர், ஐயப்பன், கருப்பராயன் என்று நஞ்சப்பனுக்கு வேண்டியவர்கள் பதினான்கு பேர் அந்தச் சாலையில் குடியிருக்கிறார்கள். ஒவ்வொருவரையும் கும்பிடும்போது கார் அலறியது, திரையில் ஒரு காப்பிக் கோப்பை தோன்றி ஓய்வெடுக்கச் சொன்னது. சித்தூர் போய்ச் சேர்ந்ததும் பெட்டி தீர்ப்பளித்தது. டிரைவர் பதினான்கு முறை தூங்கினார். மதிப்பெண் முப்பத்தொன்று.

தூங்கவில்லை, சாமி கும்பிட்டேன் என்று நஞ்சப்பன் விசாரணையில் சொன்னார். கும்பிட்டதற்குப் பெட்டியில் கட்டம் இல்லை என்றார் அமர்நாத். ஆனாலும் நியாயமானவர் என்பதால் ஒரு துணைக்குழு போட்டார். குழு மூன்று முறை கூடியது. கோயில்களை நகர்த்துவது சங்கத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று ஒருமனதாகக் கண்டுபிடித்தது. கடைசியில் ஒரு பரிந்துரை வந்தது. டிரைவர் ஒரு கண்ணை மட்டும் மூடிக் கும்பிடலாம். இரண்டு கண்களின் சராசரியைப் பெட்டி எடுத்துக்கொள்ளும்.

நஞ்சப்பன் ஒரு வாரம் பழகினார். மாரியம்மன் கோயில் வாசலில் பூ விற்கிற பெண்மணி நேராக அவர் வீட்டுக்குப் போய், உங்கள் வீட்டுக்காரர் தினமும் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று அவருடைய மனைவி கமலாத்தாளிடம் முறையிட்டாள். அந்த வாரம் நஞ்சப்பனுக்கு வீட்டிலும் மதிப்பெண் குறைந்தது.

இரண்டாவது பயணம் பொள்ளாச்சிக்கு. எதிரே ஒரு கள்ளு வண்டி வந்தது. அதை முந்திக்கொண்டு ஒரு பஸ், நஞ்சப்பனின் பாதி சாலையைத் தன் சொந்தச் சொத்தாக நினைத்து வந்தது. நஞ்சப்பன் இடது பக்க மண்ணில் காரை இறக்கினார். கோட்டைத் தாண்டக் கூடாதே என்று கார் தன்னைத்தானே மறுபடி சாலைக்கு இழுத்தது. அவர் இடப்பக்கம் முறுக்க, அது வலப்பக்கம் முறுக்க, நடுவே அமர்நாத் விஷ்ணு சகஸ்ரநாமத்தில் பாதியை முடித்துவிட்டார். நஞ்சப்பன் ஜெயித்தார். கண்ணாடியின் பெயிண்டில் பஸ்ஸின் காற்று மட்டும் பட்டது.

இறங்கி இரண்டு இளநீர் குடித்த பிறகு அமர்நாத் பெட்டியைப் பார்த்தார். 'சாரதி குறுக்கீடு, மிகக் கடுமையானது. மதிப்பெண் இருபத்திரண்டு.'

"நீங்க குறுக்கே வராம இருந்திருந்தா, வண்டி அதன் கோட்டுக்குள்ளே நன்னா நின்னிருக்குமாக்கும்," என்றார்.

"பஸ்ஸும் அதே கோட்டுக்குள்ளதானுங்களே வந்துச்சு?"

"அது பஸ்ஸோட பிழை. நம்ம ஃபாரத்திலே அதுக்கு எடமில்லை."

ஃபாரத்தில் இடமில்லாத பஸ்ஸால் சாக முடியாது என்ற நம்பிக்கையில் அவர் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாவதும் கடைசியுமான பயணம் வண்டன்மேட்டுக்கு. அன்று மாலை ஐந்து மணிக்கு அங்கே ஆண்டுப் பொதுக்கூட்டம். மண்டப வாசலில் காரை நிறுத்திக் காட்ட வேண்டும் என்பது தலைவரின் ஆசை. நிகழ்ச்சி நிரல் அச்சாகி எல்லோருக்கும் வந்திருந்தது. ஆறாவது பொருள், நஞ்சப்பனைக் கிடங்குக் காவலுக்கு மாற்றுவது. ஏழாவது, அமர்நாத்தின் பிரிவை நிரந்தரமாக்குவது. இரண்டு மதிப்பெண்களையும் அடியில் போட்டிருந்தார்கள். தலைவரும் அமர்நாத்தும் முதல் நாளே போய்விட்டார்கள். நானும் உறுப்பினன் என்ற முறையில் பஸ் ஏறிப் போனேன். இலவச மதியச் சாப்பாட்டை நான் தவறவிட்டதில்லை.

நஞ்சப்பன் காலையில் கிளம்பி ஐந்து கிலோமீட்டர் போனார். அங்கே விவசாயம் பார்க்கிற மயிலாத்தாள் சாலையில் கொள்ளுச்செடியைப் பரப்பியிருந்தாள். எங்கள் பக்கத்தில் அறுத்துக் காய்ந்த செடியைத் தார்ச்சாலையில் போட்டுவிட்டால் போதும், போகிற வருகிற வண்டிகள் மிதித்து மணியைப் பிரித்துக் கொடுத்துவிடும். ஒரு பொள்ளாச்சி பஸ் நாலு ஆள் வேலையைச் செய்யும். கால் தளராமல், பிரேக் போடாமல், ஒரே சீராகச் செடி மேல் ஏறிப் போக வேண்டும். நடுவில் பிரேக் போட்டால் வழுக்கும். நஞ்சப்பன் இதில் கெட்டிக்காரர். மயிலாத்தாளுக்காக ஒரு தடவை கூடுதலாகப் போய்த் திரும்பிவிட்டுப் போகிற ஆள்.

ஆனால் காருக்குக் கொள்ளுச்செடி தெரியாது. எதிரே குன்று ஒன்று இருக்கிறது என்று முடிவுகட்டி நின்றது.

"ஏனுங் நஞ்சப்பண்ணா, மெதிக்கறதுக்குத்தான போட்டிருக்குது. நின்னுட்டீங்கொ?" என்றாள் மயிலாத்தாள்.

"நா நிக்கலீங் அம்மிணி, வண்டி நிக்குது."

"ஏன், அதுக்குக் கொள்ளு ஆவாதா?"

பாதுகாப்புக் கருவிகளை அணைக்கக் கூடாது என்பது ஒன்பதாவது விதி. நஞ்சப்பன் மெல்ல அழுத்திப் பார்த்தார். கார் ஒரு அடி தாவிக் குதித்து நின்றது. மறுபடி ஒரு அடி. தவளை போவது மாதிரி பாதிக் களம் போனதும், கிளம்பிய தூசியும் பொட்டுச் சருகும் பறந்து நெற்றிக் கேமராவிலும் மூக்கு ரேடாரிலும் அப்பிக்கொண்டன. 'சுற்றுப்புறத்தை உணர முடியவில்லை. பாதுகாப்புக் கருதி வாகனம் இயங்காது' என்று திரையில் எழுதிவிட்டு இஞ்சின் அணைந்தது. துடைத்தார், கும்பிட்டார், இரண்டு கண்ணையும் மூடியே கும்பிட்டார். கார் அசையவில்லை. பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து பத்துப் பேர் இறங்கிக் காரை ஓரமாகத் தூக்கி வைத்துவிட்டு, பஸ்ஸை ஏற்றிக் கொள்ளுச்செடியை நன்றாக மிதித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

வண்டன்மேட்டுக்குப் போன் போனது. எப்படியாவது கார் வந்தாக வேண்டும், லாரியில் ஏற்றியாவது அனுப்பு என்றார் தலைவர். அமர்நாத் போனை வாங்கி, பெட்டியைக் கழற்றக் கூடாது என்றும் பதினான்காவது விதியை மீறக் கூடாது என்றும் எச்சரித்தார். பதினான்காவது விதி என்னவென்றால், நியமிக்கப்பட்ட டிரைவர் பெல்ட் போட்டு இருக்கையில் உட்கார்ந்திராமல் சங்கத்தின் கார் எக்காரணம் கொண்டும் ஒரு அங்குலம்கூட நகரக் கூடாது.

பொள்ளாச்சியிலிருந்து வேல்முருகன் என்ற டிரைவர் கார் ஏற்றுகிற லாரியைக் கொண்டுவந்தார். காருக்குள் ஆளை வைத்து ஏற்றமாட்டேன், போலீஸ் பிடிக்கும் என்றார். நஞ்சப்பன் சுற்றறிக்கையைக் காட்டினார். இத்தனை நம்பர் போட்டிருக்கிறார்கள் என்றால் கோர்ட்டில் கேட்டுத்தான் போட்டிருப்பார்கள் என்று வேல்முருகன் சமாதானமாகிவிட்டார். லாரியின் முதுகில் கார், காருக்குள் பெல்ட் போட்ட நஞ்சப்பன், முகப்பில் பச்சை விளக்குச் சிமிட்டுகிற பெட்டி. வெகுநேரம் நின்றுவிட்டதால் பெட்டி காலைக் கணக்கை அழித்துவிட்டுப் பயணத்தைப் புதிதாகத் தொடங்கியிருந்தது. ஊர்வலம் புறப்பட்டது.

வேல்முருகன் ஓட்டுகிற விதம் தனி. ஒரு கை ஜன்னலுக்கு வெளியே தொங்கும். மறு கை போனைப் பிடித்திருக்கும். ஸ்டீயரிங்கை எது பிடித்திருந்தது என்று நஞ்சப்பனுக்கு மேலிருந்து கடைசிவரை தெரியவில்லை. முதல் வளைவிலேயே அவருடைய வலதுகால் பிரேக்கைத் தேடியது. மிதித்தாலும் லாரி நிற்காது என்று புத்திக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. ஆகவே காலை மடக்கி அதன் மேலேயே உட்கார்ந்து, கையை மார்போடு இறுக்கிக்கொண்டார். அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்த டிரைவர் கண் மூடியதாக எங்கும் கேள்விப்பட்டதில்லை. நஞ்சப்பன் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கும் இமைக்கவில்லை. நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வதாக நீங்கள் நினைத்தால், இரண்டு தடவை இமைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழனியில்கூடக் கண்ணைத் திறந்தபடிதான் கும்பிட்டாராம். "முருகா, கோவிச்சுக்காதே, முன்னால டேங்கர் வருது," என்று சொல்லிக்கொண்டாராம்.

நாலரை மணிக்கு லாரி வண்டன்மேடு சேர்ந்தது. காரை இறக்கித் தள்ளி மண்டப வாசலில் நிறுத்தினார்கள். நஞ்சப்பன் விறைத்த காலோடு இறங்கிக் கடைசி வரிசையில் ஒடுங்கினார். ஆறாவது பொருளுக்காக அவர் வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். காவல்காரர் உடுப்பு காக்கி என்பதால், இதுதான் கடைசி வெள்ளை என்று எனக்கு ரகசியமாகச் சொன்னார்.

பெட்டிக்கு இதெல்லாம் தெரியாது. பயணம் முடிந்தது என்று கண்டுகொண்டு, எல்லோருக்கும் முன்னால், இருநூறு ஏலக்காய்க்காரர்கள் பார்க்க, அமர்நாத் அதற்கென்று மேடையில் கட்டியிருந்த திரையில் அறிக்கையை விரித்தது. தூக்கம் இல்லை. கோடு தாண்டல் இல்லை. திடீர் பிரேக் இல்லை. சாரதி குறுக்கீடு அறவே இல்லை. இஞ்சின் அணைந்திருந்த காருக்கு வாய் ஏது, முறையிட? கார் முறையிடாததால் டிரைவர் தவறு செய்யவில்லை. மதிப்பெண் நூறு. கீழே சின்ன எழுத்தில், எரிபொருள் செலவு பூஜ்யம்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். மைக்கைப் பிடித்துவிட்டால் அதற்கு முந்தின எதுவும் அவருக்கு நினைவிருக்காது. லாரியை அனுப்பச் சொன்னதும் மறந்துபோனது.

"இஞ்சினில்லாம, எண்ணெயில்லாம, கையும் படாம காலும் படாம நம்ம வண்டி மலையேறியிருக்குதுங்க. இந்தியாவுல எந்தச் சங்கத்துக்கு இந்த யோக்கியதை இருக்குது?"

கைதட்டல் அடங்கியதும் ஒரே ஒருவர் எழுந்து நின்றார். அமர்நாத். முகம் வெளுத்திருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாகத் திரை சொன்னதை அவர் சந்தேகப்பட்டார்.

"இது நடக்காத காரியமாக்கும்," என்றார். "வண்டி லாரியிலேன்னா வந்தது."

கடைசி வரிசையிலிருந்து நஞ்சப்பனும் எழுந்தார். பொய்யில் வந்த நூறு அவருக்குச் செரிக்கவில்லை. நான் ஓட்டவில்லை, லாரி மேல் உட்கார்ந்துதான் வந்தேன் என்று உள்ளதைச் சொன்னார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன், பயனில்லை. ஆனால் தலைவர் சுற்றறிக்கையைப் புரட்டி இருபத்திரண்டாவது விதியை உரக்கப் படித்தார். பெட்டியின் பதிவுக்கு மாறாக டிரைவர் சொல்லும் எதுவும் ஏற்கப்படமாட்டாது. எழுதியவர் அமர்நாத். நஞ்சப்பனை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தார்.

அப்போது பெரியமுத்து என்ற ஏலத்தோட்டக்காரர் எழுந்தார். கையில் டீ டம்ளர் இருந்தது.

"சார், எனக்கு ஒண்ணுதான் தெரியணும். பொட்டி தப்புச் சொல்லுமா, சொல்லாதா?"

அமர்நாத் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

"சொல்லும்னா, அந்த மனுசன் பதினாலு தடவ தூங்குனாருன்னு சொன்னதும் தப்பு. பஸ்ஸுல சாகாமப் பொழச்சதுக்கு மார்க்கக் கொறச்சதும் தப்பு. ஆறாவதையும் அடிச்சிருங்க, ஏழாவதையும் அடிச்சிருங்க. சொல்லாதுன்னா, அவரு ஓட்டிட்டு வந்தது நெசம். ரெண்டுல ஒண்ணச் சொல்லிட்டு உக்காருங்க. டீ ஆறுது."

அமர்நாத் மண்டபத்துக்கு வெளியே போனார். பின்னாலேயே பாதிக் கூட்டமும் போனது, நானும் போனேன். கார் மூக்கெல்லாம் கொள்ளுப்பொட்டோடு நின்றிருந்தது. இருபதடி தள்ளி லாரி. லாரியின் நிழலில் வேல்முருகன் துண்டை விரித்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அமர்நாத் லாரியின் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார், இன்னும் சூடாக இருந்தது. கையில் நிகழ்ச்சி நிரல். ஏழாவது பொருளின் மேல் அவருடைய கட்டை விரல் இருந்தது. மனிதர் லாரியையும் காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இவ்வளவு பெரிய லாரி அவ்வளவு சின்னக் காகிதத்துக்குள் எப்படி மறையும் என்று நான்கூட ஆவலாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறைந்தது.

உள்ளே திரும்பி வந்து, நஞ்சப்பன் இருக்கிற வரிசைவரை நடந்து, அவர் கையைப் பிடித்து முன்னால் கூட்டிப் போனார். ஆறாவது பொருளைப் பேனாவால் குறுக்கே கோடு போட்டு அடித்தார். சான்றிதழில் கையெழுத்திட்டு முத்திரை குத்தினார். நல்ல அழுத்தமான குத்து, நான் குத்தியிருந்தால் எப்படியோ அப்படி. நஞ்சப்பனுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அவருடைய வலதுகால் மேடைப் பலகையை மிதித்துக்கொண்டே இருந்தது.

தலைவர் மைக்கை நீட்டினார். அமர்நாத் அதை வாங்கி, யார் முகத்தையும் பார்க்காமல், திரையை மட்டும் பார்த்தபடி சொன்னார்:

"நடந்ததுதான். இஞ்சின் ஓடலை, யாரும் ஒண்ணும் தொடலை, வண்டி தானே மலையேறித்து. நானாக்கும் சாட்சி."